அஞ்செட்டி நிலத்துக்குப் போய்வர: ஜிம்னியா, தார் ராக்ஸா, பிக்கப்பா?

கேழ்வரகுக் காடு (கே.ஆர்.புரம், பெங்களூரு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் பெங்களூரில் குடியிருக்கிறேன். சொந்த நிலம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பக்கம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு வார இறுதிகளாவது அங்கே போக வேண்டியுள்ளது. ஒசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டை வரை எந்த வண்டியும் போகும். தார்ச்சாலை முடிந்த பிறகு நிலம் வரை உள்ள மூன்று கிலோமீட்டர் மண்பாதைதான் சிக்கல். செம்மண், இடையிடையே தலைநீட்டும் பாறை, டிராக்டர் சக்கரம் பதிந்து உண்டான ஆழமான தடம், நடுவில் ஓர் ஓடை. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் அந்த ஓடையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். இப்போது வைத்திருக்கும் ஹேட்ச்பேக்கை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, யாராவது டிராக்டரில் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலை.

இருபது லட்சத்தை ஒட்டிச் செலவிடலாம் என்று நினைக்கிறேன். தக்க காரணம் இருந்தால் சற்று மேலேயும் போகலாம். மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் ராக்ஸ், ஃபோர்ஸ் குர்கா, இசுசு வி-கிராஸ் பிக்கப் ஆகியவற்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் என் கைக்கு எட்டாது. ஆனாலும் அதைப் பற்றிப் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கார் நிறுவனங்கள் எல்லாம் எஸ்யூவி என்றுதான் விளம்பரம் செய்கின்றன. விவரப் பட்டியலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கர இயக்கமே இல்லை. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், டெல்லியில் பத்தாண்டு ஆன டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடு நாளை பெங்களூருக்கும் வரும், டீசலில் பணத்தைப் போடாதே என்கிறார். இந்தப் போக்கு எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்து ஓட்டக்கூடிய வண்டியாக வாங்கிக்கொள்வேன்.

செம்மண் தடம் (அல்சூர்) எழுதியது:

முதலில் பாதையைப் பார்ப்போம், வண்டியைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் விவரிக்கும் பாதைக்கு வேண்டியவை தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே போதிய இடைவெளி, லோ ரேஞ்ச் கியர், நல்ல டயர், குறைந்த எடை ஆகிய நான்கும்தான். குதிரைத்திறன் இந்த வரிசையில் மிகவும் பின்னால் வருகிறது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் பாறை மேல் ஏறி இறங்கும் வண்டிக்கு 105 பிஎஸ் போதுமா என்று கேட்பவர்கள், லோ ரேஞ்ச் என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. ஜிம்னியில் லோ ரேஞ்சுக்கான லீவரைப் பின்னுக்கு இழுத்தால் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, வேகம் பாதியாகிறது. கிளட்சைப் பாதி மிதித்துக் கருக்காமல், முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி ஊர்ந்து ஏறும்.

ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கினால் அது காற்றில் சும்மா சுழலும். தரையைப் பற்றியிருக்கும் மறு சக்கரம் அசையாமல் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் குறுக்கு மூலையில் தொங்கிவிட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். இதற்குக் குர்காவில் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும், அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு இருக்கிறது. மூன்று கதவுள்ள சாதாரணத் தாரின் மேல் வேரியன்ட்டுகளிலும் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வேரியன்ட்டுகளிலும் பின்னச்சுப் பூட்டு கிடைக்கிறது. ராக்ஸில் அது மின்னணு முறையில் இயங்குவது. ஜிம்னி பூட்டுக்குப் பதிலாகத் தொங்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளுகிறது. உங்கள் பாதைக்கு இதுவே போதும். முன்னும் பின்னும் முழு அச்சு உள்ளதால் ஒரு பக்கம் மேடேறினாலும் அதன் சக்கரங்கள் தரையை எளிதில் விடுவதில்லை.

ஜிம்னியின் பெரிய பலம் அதன் எடை. அது 1,200 கிலோவை ஒட்டியது. ராக்ஸ் இரண்டு டன்னை நெருங்குகிறது, ஹைலக்ஸ் அதையும் தாண்டுகிறது. ஈரச் செம்மண்ணில் இரண்டு டன் வண்டி தன் தடத்தைத் தானே ஆழமாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஜிம்னி அதே இடத்தில் மேலோட்டமாகக் கடந்துபோகும். தப்பித் தவறி மாட்டினாலும் நான்கு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே மழைக்குப் பிறகு எந்த வண்டியானாலும் டயரின் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு வழவழப்பான உருளையாகிவிடும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டும் உதவாது, எடை குறைந்த வண்டிதான் முதலில் வெளியே வரும். உங்களுடையது செம்மண் என்பதால் அவ்வளவு மோசமில்லை.

நான்கு சக்கர இயக்கம் ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு விடை, வாங்குபவர்களாகிய நம்மிடமே இருக்கிறது. 1998இல் வந்த டாடா சஃபாரியில் நான்கு சக்கர இயக்கம் கிடைத்தது. அதே பெயரில் 2021இல் வந்த வண்டியோ முன்சக்கர இயக்கம் மட்டுமே உடையது. புதிய தார் 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்தபோது எல்லா வேரியன்ட்டிலும் நான்கு சக்கர இயக்கம் இருந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட 1.5 லிட்டர் டீசல் வந்தது. 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த ராக்ஸில் பெட்ரோல் வாங்கினால் நான்கு சக்கர இயக்கமே கிடையாது, அது டீசலுக்கு மட்டும்தான். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது உயரமான இருக்கையும் முரட்டுத் தோற்றமும்தான். விசையை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன்னச்சுக்கும் பணம் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அந்தப் பாகங்கள் எடையையும் கூட்டும், மைலேஜையும் குறைக்கும். இதில் நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்திராநகர் நூறடிச் சாலையில் நிற்கும் தார்களில் எத்தனை லோ ரேஞ்சைத் தொட்டிருக்கும்?

என் பரிந்துரை ஜிம்னி. 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கிய விலை இங்கே பலருக்கு அதிகமாகப் பட்டது. விற்பனையும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆனால் குருகிராமில் தயாராகும் அதே ஐந்து கதவு ஜிம்னி, 2025 ஜனவரியில் ‘நோமாடு’ என்ற பெயரில் ஜப்பானில் அறிமுகமானபோது, சில நாள்களிலேயே ஏறத்தாழ 50,000 பேர் முன்பதிவு செய்து, சுசூகி பதிவையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஏற்றுமதி நடக்கும் வரை உதிரிபாகத்துக்குப் பஞ்சம் வராது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

டீசல் பித்தன் (எலெக்ட்ரானிக் சிட்டி) எழுதியது:

செம்மண் தடம் அண்ணா சொன்ன எடைக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓடையை மறந்துவிட்டார். முழங்கால் அளவு என்றால் 450 மி.மீ.க்குக் குறையாது. ராக்ஸ் கடக்கக்கூடிய நீரின் ஆழம் 650 மி.மீ. என்று மஹிந்திரா சொல்கிறது. ஹைலக்ஸுக்கு டொயோட்டா சொல்வது 700 மி.மீ. ஜிம்னிக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் சுசூகி குறிப்பிடுவது 300 மி.மீ. மட்டுமே. அதைவிட ஆழத்தில் அந்த வண்டி போவதைக் காணொளிகளில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்ஜினுக்குள் நீர் புகுந்தால் அந்தச் செலவைக் காணொளி எடுத்தவர் தரப்போவதில்லை. நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டினால் வாரன்டியும் கைகொடுக்காது. அதோடு இந்த அளவுகள் எல்லாம் தேங்கிய நீருக்குத்தான் பொருந்தும். ஓடும் நீரில் எடை குறைந்த வண்டியைத்தான் வெள்ளம் முதலில் பக்கவாட்டில் தள்ளும். சேற்றில் எது பலமோ, அதுவே வெள்ளத்தில் பலவீனம்.

ஜிம்னியில் நான்கு பேர்தான் உட்கார முடியும் என்பதையும், நால்வரும் உட்கார்ந்த பின் மிஞ்சும் இடம் 208 லிட்டர்தான் என்பதையும் யாரும் சொல்லவில்லை. நிலத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா?

டீசலின் எதிர்காலத்துக்கு வருகிறேன். டெல்லித் தலைநகர் வட்டாரத்தின் கட்டுப்பாடு, அங்குள்ள காற்றின் நிலையைக் கருத்தில் கொண்டு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணையிலிருந்தும் 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததிலிருந்தும் வந்தது. அது நாடு முழுவதற்குமான சட்டம் அன்று. பெங்களூருக்கு அப்படி ஒன்று இல்லை. நாளை வரவே வராது என்று யாரும் உறுதி கூற முடியாதுதான். ஆனால் அந்த அச்சம் ஒன்றை வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

டீசலின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கப்போவது வேறு கணக்கு. கார் நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் எல்லாக் கார்களின் கரியமில வாயு வெளியீட்டையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள். முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று இருந்த வரம்பு, இரண்டாம் கட்டத்தில் 113 கிராமாகக் குறைந்தது. மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்கவிருக்கிறது, இன்னும் இறுக்கமாக இருக்கும். இது தனித்தனி வண்டிக்கான வரம்பு அன்று, மொத்தச் சராசரி என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ போன்ற மின்கார்களை மஹிந்திரா எவ்வளவு அதிகமாக விற்கிறதோ, அவ்வளவு தாராளமாகக் கனத்த டீசல் ராக்ஸை விற்க அதற்கு இடம் கிடைக்கும். மின்கார் வந்தால் டீசல் ஒழியும் என்று நம் நண்பர்கள் நினைக்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு நடக்கப்போவது இதற்கு நேர்மாறு என்பதே என் கணிப்பு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது, அதற்குக் காரணம் இருந்தது. சிறிய வண்டிகளில் பிஎஸ்-6 புகை விதிக்கான வடிகட்டிகளைப் பொருத்தும் செலவு விலையோடு ஒட்டவில்லை. பெரிய வண்டியில் அந்தச் செலவு அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பிஎஸ்-6 டீசலின் புகைக்கரி வடிகட்டி, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கே.ஆர்.புரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்குத் தினமும் ஊர்ந்துபோய்த் திரும்பினால் அது அடைத்துக்கொள்ளும். நான் முன்பு வைத்திருந்த வண்டியில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) வாரம் தவறாமல் அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பணிமனையில் ஒவ்வொரு முறையும் கணினியைச் செருகி வலிந்து எரிக்கச் செய்தார்கள். உங்களுக்கு இரு வாரத்துக்கு ஒரு முறை ஒசூர் நெடுஞ்சாலை கிடைப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். அலுவலகத்துக்கு மெட்ரோவில் போனால் இன்னும் நல்லது.

கேழ்வரகுக் காடு (கே.ஆர்.புரம்) எழுதியது:

இருவருக்கும் நன்றி. சில விவரங்களை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக நானும் மனைவியும் இரு பிள்ளைகளும் போவோம்; அறுவடைக் காலத்தில் அம்மாவும் வருவார்கள், ஆக ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது. உயரமான வண்டியில் ஏறுவது அவர்களுக்குச் சிரமம். சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், உர மூட்டை, சில நேரங்களில் மோட்டார் பம்பு ஆகியவற்றையும் ஏற்ற வேண்டியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கீழ்த் தளத்தில் ஒரே ஒரு நிறுத்துமிடம் இருக்கிறது. அலுவலகத்துக்கு மெட்ரோவில்தான் போகிறேன்.

பின்தட்டு (ஒசூர்) எழுதியது:

குழாய்ச் சுருளும் உர மூட்டையும் என்று படித்தவுடன் எழுத வந்துவிட்டேன். நான் சில ஆண்டுகளாக வி-கிராஸ் வைத்திருக்கிறேன். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் வண்டி அது. 1.9 லிட்டர் டீசல், 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர். தனிநபர் வாகனமாக வெள்ளை எண்பலகையிலேயே பதிவு செய்யலாம். உரம், சாணம், டீசல் கேன் எதை ஏற்றினாலும் நாற்றம் உள்ளே வராது. திரும்பி வந்ததும் பின்தட்டைக் குழாயால் அடித்துக் கழுவிவிடலாம். இதன் அருமை, ராக்ஸின் பின்னிருக்கையை மடித்து உர மூட்டை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் உங்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. அதன் நீளம் 5,295 மி.மீ.; ஹைலக்ஸ் 5,325 மி.மீ. அடுக்குமாடிகளில் கோடு போட்டு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஐந்து மீட்டர்தான். வண்டியின் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். சங்கத் தலைவரிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வரும். பின்னால் சரக்கு வண்டிகளில் உள்ளது போன்ற லீஃப் ஸ்பிரிங் என்பதால் சுமை இல்லாதபோது பின்னிருக்கை தூக்கித் தூக்கிப் போடும். மூட்டுவலி உள்ள அம்மாவை அங்கே உட்காரவைத்து அஞ்செட்டி மலைச்சாலையில் கூட்டிப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்தட்டு பெரிதாகத் தெரிகிறதே என்று எவ்வளவும் ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையையும் ஐந்து பேரின் எடையையும் கழித்துப் பார்த்தால், மிச்சம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பிக்கப் நம் நாட்டில் ஏன் வேரூன்றவில்லை என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலாசிபாளையத்திலும் யஷ்வந்தபுரம் சந்தையிலும் அதிகாலையில் நின்று பாருங்கள். பொலேரோ பிக்கப் வரிசைகட்டி நிற்கும். பிக்கப் இங்கே நன்றாகவே வேரூன்றியிருக்கிறது, ஆனால் சரக்கு வண்டியாக. டாடா 1988இலேயே டாடாமொபைலைக் கொண்டுவந்தது. மஹிந்திரா ஸ்கார்ப்பியோவைப் பிக்கப்பாக்கி கெட்அவே என்று விற்றுப் பார்த்தது. காய்கறி ஏற்றும் வடிவத்துக்கு முப்பது லட்சம் கொடுக்க இங்கே குடும்பங்கள் முன்வரவில்லை. ஹைலக்ஸ் 2022இல் 33.99 லட்சத்தில் தொடங்கியபோது, அந்த விலைக்கு ஃபார்ச்சூனரே வந்துவிடுமே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அமெரிக்காவில் குடும்ப வண்டியே பிக்கப்தான் என்பார்கள். அங்கே அது வளர்ந்ததில் வரிக்கும் பங்குண்டு. அறுபதுகளில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்குச் சுங்கம் விதித்தன. பதிலடியாக அமெரிக்கா 1964 முதல் இறக்குமதியாகும் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, அந்த வரி மட்டும் இன்னும் நிற்கிறது. போட்டியில்லாத சந்தையில் உள்நாட்டு நிறுவனங்கள் பிக்கப்பை ஆண்டுக்காண்டு பெரிதாக்கின. எரிபொருள் விதிகளும் காரைவிடப் பிக்கப்புக்குத் தளர்வாகவே இருந்தன. தாய்லாந்திலோ ஒரு டன் பிக்கப்புக்கு உள்நாட்டு வரியில் நெடுங்காலமாகச் சலுகை; அதனால்தான் ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸும் அங்கே வீட்டுக்கு வீடு நிற்கின்றன. நமது வரி வேறு வழியில் வேலை செய்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் சிறிய இன்ஜினும் இருந்தால் சலுகை என்று இருப்பதால், 2025 செப்டம்பர் 22 முதல் 3,985 மி.மீ. நீளமுள்ள 1.5 லிட்டர் டீசல் தாருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதே நீளமுள்ள ஜிம்னியோ பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டுவதால் 40 விழுக்காட்டில் மாட்டிக்கொள்கிறது. ஆக, நான்கு சக்கர இயக்கம் இல்லாத தாருக்குச் சலுகை, உள்ள ஜிம்னிக்கு இல்லை. நான்கு சக்கர இயக்கம் ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். பெரிய வண்டிகளுக்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 45 முதல் 50 விழுக்காடு வரை போனது இப்போது 40 ஆகியிருப்பதால் உங்களுக்கும் ஓரளவு லாபம்தான்.

வண்டியைத் தமிழ்நாட்டு முகவரியில் பதியலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முன்பு அதில் ஆதாயம் இருந்தது. 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் பத்து முதல் இருபது லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18, அதற்கு மேல் 20 விழுக்காடு வாழ்நாள் வரி. கர்நாடகத்தில் அதே அடுக்குகளுக்கு 17, 18 விழுக்காடு, அதன் மேல் செஸ். நீங்கள் ஓட்டப்போவது பெங்களூரில் என்பதால் கேஏ எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டம் (ஒயிட்ஃபீல்டு) எழுதியது:

பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருக்கப்போகிறேன் என்கிறார். ஆனால் மின்வண்டியை யாரும் பரிசீலிக்கவே இல்லை. 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் மின்வண்டியில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார் உள்ள வேரியன்ட் இருக்கிறது. இடையில் அச்சுகளை இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸும் இல்லை. 504 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சுழற்சி தொடங்கும்போதே கிடைத்துவிடுவதால் லோ ரேஞ்ச் கியருக்கான தேவையே பெருமளவு குறைகிறது. வழுக்கும் சக்கரத்தை வினாடியின் சிறு பகுதிக்குள் உணர்ந்து விசையைக் குறைப்பதில் மோட்டாரின் வேகத்தை எந்த இன்ஜினும் எட்ட முடியாது. 2021இன் டீசல் சஃபாரியில் வராத நான்கு சக்கர இயக்கம் டாடாவுக்கு மின்வண்டியில் திரும்ப வந்திருக்கிறது என்பதே தொழில் எங்கே போகிறது என்பதற்கு அடையாளம். ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான்.

செம்மண் தடம் (அல்சூர்) எழுதியது:

மோட்டார் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. இன்னும் பத்தாண்டில் நான் இதே இடத்தில் உங்கள் கட்சியில் பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் இவருடைய நிலத்துக்கு இன்று அது பொருந்துமா என்று பாருங்கள். அந்த வேரியன்ட்டின் விலை 28.99 லட்சத்தில் வந்தது. 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்குக் கர்நாடகம் 10 விழுக்காடு வாழ்நாள் வரியும் கேட்கிறது. இவர் சொன்ன தொகையை அது வெகுவாகத் தாண்டுகிறது. தரையடியில் முழு நீளத்துக்கும் பேட்டரி இருக்கிறது. தலைநீட்டும் பாறை அதில் மோதினால் வெளியே தகடு மட்டும் நசுங்கியதா, உள்ளேயும் சேதமா என்பதை அஞ்செட்டியில் யார் பார்த்துச் சொல்வார்கள்? 75 கிலோவாட்-மணி பேட்டரியை 3.3 கிலோவாட் வீட்டு இணைப்பில் நிரப்ப ஒரு முழு நாள் வேண்டும். நிலத்தில் இருப்பது பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பு என்றால் அதில் காரைச் செருகுவது விதிமீறல், மின்வாரியம் அபராதம் போடும்.

ஐந்து பேர், அம்மாவின் மூட்டுவலி, ஓடை நீர் ஆகிய மூன்றையும் கேட்ட பிறகு ஜிம்னியை நான் வலியுறுத்தப்போவதில்லை. குர்கா பாதைக்கு வெகு பொருத்தம், முன்னும் பின்னும் பூட்டு, 700 மி.மீ. நீர், ஆனால் அதன் படியில் ஏறுவது இளைஞர்களுக்கே உடற்பயிற்சி. டீசல் பித்தன் தம்பி சொல்லும் ராக்ஸ் நான்கு சக்கர இயக்கம்தான் மிஞ்சுகிறது, 2024இல் 18.79 லட்சத்தில் தொடங்கியது, பாரத் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது, பின்னிருக்கைக்குத் தனிக் கதவும் உண்டு. எடை கூடுதல் என்ற என் குறை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மருந்து டயரில் இருக்கிறது: தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்று காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக்கொண்டால் டயரின் தடம் நீண்டு, வண்டி புதைவது பெருமளவு குறையும். திரும்பும்போது காற்றேற்ற, பேட்டரியில் இயங்கும் சிறிய பம்பு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், இழுவைப் பட்டையையும் கொக்கியையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே கடைகளில் இரும்பு முன்பம்பரையும் பெரிய டயரையும் காட்டி ஆசை மூட்டுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். முன்பக்க இரும்புக் காப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. காற்றுப்பையும் மோதல் உணரியும் நிறுவனம் வடிவமைத்த பம்பரைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்கின்றன.

நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்ட வேண்டாம். ஜிம்னி, தார், ராக்ஸ் எல்லாமே முன்னச்சையும் பின்னச்சையும் இறுக்கமாகப் பிணைக்கும் வகை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், பிடிமானம் மிகுந்த தரையில் அந்த முறுக்கு எல்லாம் கியரிலும் அச்சிலும் சேர்ந்துகொள்ளும். மண் வந்த பிறகு போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் வழி காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியது என்பது உங்களுக்கே தெரியும். வழித்தடம் கிடைக்கிறதே என்று பாதையைவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் அது வனக் குற்றம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் வரும் பாதையும் அதுதான். மாலை வெளிச்சம் இருக்கும்போதே தேன்கனிக்கோட்டையை எட்டிவிடும்படி கிளம்புங்கள்.

டீசல் பித்தன் (எலெக்ட்ரானிக் சிட்டி) எழுதியது:

அண்ணா ராக்ஸுக்கு வந்துவிட்டார், எனக்கு வேறு வேலை இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போய், முன்னிருக்கையிலும் பின்னிருக்கையிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். ஷோரூமில் பின்சக்கர இயக்க வண்டியைக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சக்கர இயக்க டீசலே வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்து, வந்ததும் லோ ரேஞ்ச் லீவரை நீங்களே ஒரு முறை போட்டு எடுத்துப் பாருங்கள். முன்பதிவுப் படிவத்தில் வேரியன்ட்டின் முழுப் பெயரும் பின்னச்சுப் பூட்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.